சுமைதாங்கியும் தகரச் சீட்டும்

(இலங்கையின் யட்டியாந்தோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். சன்னலோரத்தில் இடம் கிடைத்தது. வழியில் தென்பட்ட பலகைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டே வந்தேன். புதிதாக எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளைகள் செய்கிற வேலை அது. ஓய்வுபெற்ற வாத்தியாரும் ஏறக்குறைய அந்தப் பருவத்துக்குத் திரும்பிவிடுகிறான். விகாரைக்குப் போகும் வழி, பாலத்தைத் திறந்துவைத்த அமைச்சரின் பெயர், கித்துல்கல படகுச் சவாரி விளம்பரம், தோட்டத்துப் பெயர்ப் பலகை. தோட்டப் பலகைகளில் மூன்று மொழியும் உண்டு. ஒன்றில் 'அனுமதியின்றி' என்ற சொல்லில் 'னு' இருக்கவேண்டிய இடத்தில் 'ணு' உட்கார்ந்திருந்தது. சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.

பலகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த இறப்பர் மலைச் சரிவுகளில் குழி வெட்டிக் கன்று வைத்த, பாதை போட்ட, மரத்துக்கு மரம் பால் சிரட்டை கட்டிய ஓர் ஆளின் பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை. நம்முடைய பாதையோரங்களில் யாருடைய நினைவு நிற்கிறது, யாருடையது நிற்கவில்லை, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

செத்தவருக்குக் கல் நடுவது நமக்குப் புதிய பழக்கமில்லை. நடுகல் நாட்டும் முறையைக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை படிப்படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் மாடு கவரும் சண்டையில் செத்துப்போனவனுக்காக நட்டது. அவன் அரசன் அல்லன். ஆனாலும் பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன.

எனக்கு நடுகல்லைவிடப் பிடித்தது சுமைதாங்கிக் கல். செங்குத்தாக இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல், தோள் உயரம். தலைச்சுமையோடு தனியாக நடப்பவர் அடுத்தவர் கை உதவி இல்லாமல் சுமையை இறக்கி, இளைப்பாறி, திரும்ப ஏற்றிக்கொண்டு போகலாம். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் பாதையோரத்தில் இதை நட்டார்கள். தன் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் வழிப்போக்கர் சுமையை இறக்கட்டும் என்பது அதற்குப் பின்னால் இருந்த எண்ணம். சிங்களக் கிராமங்களின் அம்பலமும் இதே குணம் கொண்டதுதான். கூரை, திண்ணை, வழிப்போக்கருக்கு நிழல். கும்பிட்டுவிட்டுப் போகிற நினைவுச்சின்னம் ஒரு வகை. உட்கார்ந்துவிட்டுப் போகிறது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். கண்டி வீதியில் கேகாலையைத் தாண்டிக் கடுகண்ணாவைக்கு ஏறினால் வெள்ளை நிறத்தில் நூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பு–கண்டி வீதியைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக, நண்பர்களும் அபிமானிகளும் பணம் சேர்த்து 1832இல் எழுப்பியது. அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மலையைப் பிளந்தது அவருடைய கை இல்லை. இராஜகாரிய ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் பிடித்துவரப்பட்ட சிங்களக் கிராமத்தவர்கள் வெட்டினார்கள், பாதை வேலைக்கென்று இருந்த பயனியர் படையினர் வெட்டினார்கள். காய்ச்சலில் விழுந்தவர்களும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்சியை விசாரிக்க வந்த கோல்புரூக் ஆணைக்குழுவின் சொல்லைக் கேட்டு இராஜகாரியக் கட்டாய உழைப்பை அரசாங்கம் ஒழித்ததும் அதே 1832ஐ ஒட்டித்தான். கூலியில்லா உழைப்பு முடிவுக்கு வந்த வேளையில், அந்த உழைப்பை ஏவியவருக்குக் கோபுரம் எழுந்தது. உழைத்தவனுக்கு ஒரு முழக் கல்லும் இல்லை. அவன் சிங்களவன். பெயரில்லாமல் போனது நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இப்போது நம் ஊருக்குள்ளேயே வருகிறேன். இங்கே இருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், யட்டியாந்தோட்டைக்கு ரயில் வந்துகொண்டிருந்தது என்று? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, நாலைந்து பேர். களனிவெளி ரயில்பாதை இரண்டரை அடி அகலமுள்ள சின்னப் பாதை. தோட்டத்துத் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் துரைமார் கேட்டு வாங்கியது. 1902இல் அவிசாவளையைத் தொட்டு, 1903இல் யட்டியாந்தோட்டைக்கு வந்தது. அவிசாவளையிலிருந்து பிரிந்த மற்றக் கிளை பிற்பாடு இரத்தினபுரிக்கும் அதற்கப்பால் ஓப்பநாயக்காவுக்கும் போனது.

என் அப்பாயி அந்த ரயிலைப் பார்த்தவள். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சந்தைக்குக் கூட்டிப்போகும் வழியில், புல் மண்டிக் கிடந்த ஒரு மேட்டில் நின்று, காலால் தரையைத் தட்டிக் காட்டுவாள்.

"இந்தா, இதான்டா ரயிலு போன தடம். புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆமை மாதிரி ஏறும். ஓடிப்போயி தொத்திக்கலாம்."

"இப்ப எங்கப்பாயி ரயிலு?"

"சண்டைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க."

சண்டைக்கு எப்படி ரயிலை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வளர்ந்து படித்தபோதுதான் அப்பாயி சொன்னது சரி என்று தெரிந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், 1942இல், அவிசாவளை–யட்டியாந்தோட்டைப் பாதையைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சிறுவயதில் எனக்குப் பலகையும் இல்லை, புத்தகமும் இல்லை. கிழவியின் குதிகால் தட்டிய மேடு ஒன்றுதான் எனக்கு வரலாற்றுச் சின்னம்.

இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்த அதே 1942இல், கடலுக்கு அப்பால் வேறொரு தண்டவாளம் போடப்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்கு, ஏறக்குறைய 415 கிலோமீற்றர். மலாயாவைப் பிடித்த ஜப்பானிய இராணுவம் காட்டுக்குள்ளே ஓராண்டுக்குச் சற்று மேல் அவகாசத்தில் அதைக் கட்டி முடித்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேரளவில் அதில் வேலை செய்தார்கள்; 12,000க்கு மேல் இறந்தார்கள். உலகம் இந்தக் கணக்கை அறியும். ஆசியக் கூலிகள் இரண்டு இலட்சத்தையொட்டி. அவர்களில் மாண்டவர்கள் 90,000 பேர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து லொறியிலும் ரயிலிலும் ஏற்றிச்செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. வாந்திபேதி, மலேரியா, பசி. நம்மைப் போலவே பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். நம் பாட்டன் மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தான். அவன் பங்காளி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனான். அவ்வளவுதான் வித்தியாசம்.

சயாமின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகான மயானம் உண்டு. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழன் குழிகளுக்கு அடையாளம் கிடையாது. 1944இல் ஜப்பானிய இராணுவம் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் பொறித்த மொழிகளில் தமிழும் ஒன்று! கொன்றவனே கல் நட்டு, செத்தவனின் மொழியில் எழுதியும் வைத்தான், பெயரை மட்டும் எழுதவில்லை. அண்மைக் காலத்தில் மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து அங்கே ஒரு புத்த விகாரையில் தங்கள் கையாலேயே நினைவுக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கதைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கித்துல்கல. அந்த மரண ரயிலைப் பற்றிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை டேவிட் லீன் அங்கேதான் எடுத்தார். நம் களனி கங்கைதான் குவாய் நதியாக நடித்தது. நிஜ மரங்களால் நிஜப் பாலம் கட்டி, நிஜ ரயிலை ஏற்றி வெடிவைத்தார்கள். 1957 மார்ச் 10ஆம் திகதி பிரதமர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா நேரில் வந்து பார்க்க, ஒரு படப்பிடிப்பாளர் தக்க நேரத்துக்கு விலகிக்கொள்ள முடியாமல் போனதால் அன்று வெடி நின்றது. ரயில் அக்கரைக்கு ஓடி அங்கிருந்த மின்பிறப்பாக்கியில் மோதியது. அதைச் சரிப்படுத்தி மறுநாள் காலை வெடித்தார்கள். அந்த ஆண்டுக்குரிய சிறந்த படம் உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன.

இன்றைக்கும் அந்த இடத்துக்கு வழிகாட்டும் பலகை இருக்கிறது. ஐரோப்பியச் சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்த்து, ஆற்றோரத்தில் அத்திவாரத்தின் மிச்சத்தைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒருமுறை நானும் போனேன். வழிகாட்டிப் பையன் நல்ல சுறுசுறுப்பு. வெடிவைத்த கதையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடித்தே காட்டினான். "தம்பி, நிஜப் பாலத்துக்காகச் செத்தவர்கள் யார் என்று தெரியுமா?" என்று கேட்டேன். "வெள்ளைக்கார சோல்தாதுவோ, சேர்" என்றான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் என்று. அவன் மேல் குறையில்லை. படம் அதைத்தான் காட்டுகிறது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியேர் பூல் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்ப் பால்வெட்டுக்காரர்களைத் தினம் தினம் கண்டவர். ஆனாலும் அந்தக் கதையின் நடுவிடத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்போது அந்த இடத்தை மனக்கண்ணில் பாருங்கள். பாலத்துக்கு இருபுறமும் இறப்பர் மலை. மலையில் தமிழர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அடுத்த ஆண்டு வாக்கும் இழந்து நின்றவர்கள். தங்கள் பங்காளிகள் செத்த பாலத்தின் நகலை நம் ஆட்கள் மலைமேலிருந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். 'டமார்' என்ற சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அது யாருடைய சாவின் கதை என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. உலகத்தில் எத்தனையோ நினைவிடங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு பொய்ப் பாலத்துக்குப் பலகை இருந்து, அந்தப் பொய்க்குக் காரணமான நிஜச் சாவுக்கு, சொந்தச் சனத்தின் நடுவிலேயே பலகை இல்லாத இடம் இது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

இப்படிச் சொன்னதால் நம் ஊரில் நினைவே கிடையாது என்று எண்ணவேண்டாம். இங்கே நினைவு வேறு வழியில் வாழ்ந்திருக்கிறது. ஒரு பூவைப் பற்றிச் சொல்கிறேன். முதலாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் நினைவாக நவம்பர் 11ஆம் திகதி செந்நிறப் பொப்பிப் பூ விற்பார்கள். பணத்தில் பெரும்பங்கு பிரித்தானியப் படைவீரருக்குப் போனது. 'நம் ஏழைகளுக்கு யார் பூ விற்பது?' என்று கேட்டு 1933இல் இளைஞர்கள் சூரியமல் இயக்கத்தைக் கையில் எடுத்தார்கள். சூரியமல் என்பது நம் பூவரசம்பூதான். அடுத்த ஆண்டின் கடைசியில் மலேரியா கொள்ளைநோயாக இறங்கியது. சில மாதங்களில் தீவு முழுவதும் 80,000 பேரளவில் மாண்டார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நம் கேகாலையும் ஒன்று. சூரியமல் தொண்டர்கள் மருந்தும் உணவுமாக இந்தக் கிராமங்களுக்குள் வந்தார்கள். அவர்களோடு வந்த கலாநிதி என். எம். பெரேராவுக்குக் கிராமத்தார் வைத்த பெயர் 'பரிப்பு மஹாத்தயா', பருப்பு ஐயா. 1936இல் ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது; பின்னாளில் யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் நீண்டகாலம் இருந்தார், நிதியமைச்சரும் ஆனார். பதவிப் பெயர்களைச் சனம் மறந்துவிட்டது. பருப்பு மறக்கவில்லை. வயிற்றுக்கு உதவியது நாக்கில் தங்குகிறது.

தோட்டத்தில் நம் நினைவு எங்கே தங்கியிருக்கிறது? மரத்தடியில். தொழிற்சாலைச் சக்கரத்தைச் சார்ந்து ரோதைமுனி, கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி, எல்லையில் முனியாண்டி, மாடசாமி. நான் பிறந்த தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையின் வளைவில் ஒரு கல் உண்டு. முழங்கால் உயரம். மேலே மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கருத்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒரு பால்வெட்டுக்காரி தன் சிரட்டைகளில் ஒன்றைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, திரியிட்டு அதன் முன்னால் வைப்பாள். அது எந்தச் சாமி என்று நான் கேட்டதுண்டு. 'சாமி இல்லடா, அந்த வளைவுல மரம் சாஞ்சு செத்துப்போன பொம்பள' என்றாள் அப்பாயி. பெயர்? 'யாரு கண்டா!' அவளுக்கு முந்திய தலைமுறைக்குப் பெயர் தெரிந்திருந்தது. அவளுக்குக் கதை மட்டும் தெரிந்திருந்தது. எனக்குக் கல் மட்டும் தெரியும். என் பேரப்பிள்ளைகள் கொழும்பில் இருக்கிறார்கள்.

வாய்வழி நினைவின் கஷ்டம் இதுதான். வாய் இருக்கும்வரை இருக்கும், ஆள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும். நம்மைப் போல நகர்த்தப்பட்ட சனம் எது? 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. இராமானுஜம் கப்பலில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில், பால் வெட்டத் தெரிந்தவர்கள் கன்னியாகுமரியிலும் கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் அரசு இறப்பர்த் தோட்டங்களில் குடியேறினார்கள். 1977, 1981, 1983 தமிழர் எதிர்ப்பு வன்செயல்களுக்குப் பிறகு சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் வேறு. ஏழாம் நம்பர் மலைக் கல்லின் கதையை முழுசாகத் தெரிந்த ஒருவர் இன்று சுள்ளியாவில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கலாம். கேட்கிறவருக்கு அந்த மலை தெரியாது. மலையில் இருக்கிறவருக்கு அந்தக் கதை தெரியாது.

'சம்பளத்துக்கே வழியில்லை, காணியில்லை, கல்லு நட்டு என்ன ஆகப்போகுது வாத்தியாரே?' இந்தக் கேள்வி வரும். வரவேண்டும். பதிலாக 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத்தான் காட்டுவேன். அது நம்மிடம் என்ன கேட்டது? உன் அப்பன் இங்கே பிறந்தானா? அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அத்தாட்சி எங்கே? பூட்டன் பிறந்தபோது பிறப்புப் பதிவு ஏது? சட்டத்தை எழுதியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். எழுத்தில்லாத நினைவைச் சட்டம் கணக்கெடுப்பதில்லை என்பதை அன்று ஒரு சனமே தன் நாட்டை இழந்து படித்தது. கல்லால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது. ஆனால், இந்த மண்ணில் நான்கு தலைமுறை என்று சொல்ல வாய்திறக்கும் பிள்ளைக்குக் கைநீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

நமக்காக முதன்முதலில் அடிக்கப்பட்ட பலகை எது தெரியுமா? தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவர நடைமுறைப்படுத்திய முறை. வட்டமான சிறு தகரத்தில் தோட்டத்தின் அடையாள இலக்கத்தைக் குத்தி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுவார்கள். வழியில் யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். தகரத்தைப் பார்த்து, இந்தச் சரக்கு இந்தத் தோட்டத்துக்கு என்று ஏற்றி இறக்குவார்கள், செலவுக் கணக்கு அந்தத் தோட்டத்துக்குப் போகும். உலோகத்தில் எழுதிய எழுத்து முதன்முதலாக நம் நெஞ்சின்மேல் தொங்கியபோது அதில் நம் பெயர் இருக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தத் தகரத்துக்கு இன்னும் நாம் மறுமொழி எழுதவில்லை.

மறுமொழி எழுதிய இடங்கள் சில உண்டு. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வுக்காக நின்ற கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், காணியைப் பறிப்பதற்கு எதிரான போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். மலையகம் இந்த இரு பெயர்களையும் ஆண்டுதோறும் சொல்லிக் காப்பாற்றி வருகிறது. கம்பளைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயக் காம்பிராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அம்மியும் உரலும் கொழுந்துக் கூடையும் அங்கே சாட்சி சொல்கின்றன. 2023இல், நம் முன்னோர் இங்கே வந்த இருநூறு ஆண்டு நினைவாக, நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்கள் நடந்த தடத்தில் திரும்ப நடந்தார்கள். ஆனால் நம் பக்கத்தில், 2016 மே 17ஆம் திகதி, அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் இறங்கியதே, அந்தப் பெயர்களில் எத்தனை இந்த மண்டபத்தில் நமக்குத் தெரியும்? அது ஒன்றும் நூறு வருடத்துக்கு முந்திய கதையில்லையே.

பலகை நட்டால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் வீதியோரம் வரலாற்றுப் பலகை நடுவது பெரிய வழக்கம். வேர்ஜீனியா மாநிலம் 1927லேயே தொடங்கிவிட்டது. கார்க்காரர் நிறுத்தி வாசிக்கட்டும் என்று உலோகத்தில் வார்த்து நடுவார்கள். அங்கேயும் நீண்ட காலம் தளபதியும் பண்ணையாருமே பலகையேறினார்கள். 1955இல் மிசிசிப்பியில் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டான். அவன் உடல் எடுக்கப்பட்ட ஆற்றங்கரையில் மிகவும் பிந்தித்தான் பலகை நட்டார்கள். முதற் பலகை களவு போனது. அடுத்ததைச் சுட்டுத் துளைத்தார்கள். மூன்றாவதையும் சுட்டார்கள். 2019இல் நான்காவதைக் குண்டு துளைக்காத உலோகத்தில் செய்து நட்டார்கள். துளைபட்ட ஒரு பலகையை வாஷிங்டனிலுள்ள தேசிய அருங்காட்சியகம் 2021இல் காட்சிக்கு வைத்தது. பலகையைச் சுடுகிறவன் அதை வாசித்துவிட்டுத்தான் சுடுகிறான். ஆகவே அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

நம் ஊரில் யாரும் சுடப்போவதில்லை. நமக்குள்ள தடை வேறு. வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது. தோட்டத்து நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது. ஒரு கல் நட நாலு கையெழுத்து வேண்டும். அதனால் கோயில் முற்றத்திலும் பாடசாலை வளவிலும் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே நமக்கு ஏற்கெனவே ஓர் அடி மண் இருக்கிறது.

மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பெயர். பெரியவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் பற்றுச்சீட்டு, பழைய பிறப்புச் சான்று, கப்பல் பயணத்து ஆவணம் இன்னும் கிடக்கும். மாணவர்கள் இந்த விடுமுறைக்கு ஆளுக்கொரு லயம் எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்து மறைந்தவர்களின் பெயரை எழுதி வாருங்கள். அடைமொழி வேண்டாம், 'தியாகி' வேண்டாம். பெயர், செய்த வேலை, இறந்த ஆண்டு. தெரிந்தால் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள முதியவர்களிடமும் கேளுங்கள். நம் ஆட்களின் பெயர் அவர்கள் நினைவிலும் உண்டு.

இரண்டாவது, இரண்டு பலகைகள். ஒன்று, யட்டியாந்தோட்டைக்கு ரயில் வந்தது என்று சொல்ல. மற்றது, கித்துல்கலப் பாலத்தடிக்கு இறங்கும் வழியில், நிஜப் பாலத்துக்காக மாண்ட ஆசியக் கூலிகளைப் பற்றிச் சொல்ல. மூன்று மொழியிலும் இருக்கட்டும். வழிகாட்டிப் பையனின் கதை இன்னும் சுவாரசியமாகும், அவனுக்கும் நட்டமில்லை. தமிழை மட்டும் அச்சுக்குப் போகுமுன் என்னிடம் காட்டுங்கள். 'ணு' விவகாரம் மறுபடி வேண்டாம்.

மூன்றாவதுதான் நான் திரும்பி வருவதாகச் சொன்ன சுமைதாங்கி. பளிங்குத் தூபி நமக்குக் கட்டாது. கட்டினாலும் வருடத்தில் ஒருநாள் மாலை போடுவார்கள், மற்ற நாளில் ஆடு கட்டுவார்கள். பால் வாளியோடு மலையிறங்கும் பெண் எங்கே நின்று மூச்சு வாங்குகிறாள் என்று பாருங்கள். அந்த இடத்தில் தோள் உயரத்துக்கு ஒரு மேடை, பக்கத்தில் ஒரு திண்ணை, முடிந்தால் ஒரு தண்ணீர்க் குழாய். மேடையின் முகப்பில் அந்த மலையில் வேலை செய்து மறைந்தவர்களின் பெயர்கள். வாளியை இறக்கிவைக்கிறவள் தினமும் ஒருமுறை அந்தப் பெயர்களின்மேல் கை வைப்பாள். வாசிக்கத் தெரிந்தால் வாசிப்பாள்.

ஏழாம் நம்பர் மலைக்கு முதல் மேடையை நானும் என் வகுப்பில் படித்தவர்களும் சேர்ந்து கட்டுவதாக இருக்கிறோம். மணலும் சீமெந்தும் பேசியாயிற்று. பெயர்ப் பட்டியலின் முதல் வரியை மட்டும் வெற்றாக விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். மரம் சாய்ந்து செத்த அந்தப் பெண்ணின் பெயரை யாராவது அறிந்திருந்தால், இந்த மண்டபத்திலோ புனலூரிலோ சுள்ளியாவிலோ கிளிநொச்சியிலோ, வந்து சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறோம்.